எந்தச் சரக்கு யாரிடம் கிடக்கிறது? ஜாங்கோவில் ஒரு ஜாப் ஒர்க் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் நாள் முழுக்கக் கேட்கும் கேள்வி இதுதான்: எந்தச் சரக்கு யாரிடம் கிடக்கிறது? நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாக வரும். துணி சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் போய்வரும். கட்டிங் பெரும்பாலும் உள்ளேயே நடக்கும். அப்புறம் பீஸ் பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள் (தையல் யூனிட்) என்று ஊரைச் சுற்றிவிட்டு செக்கிங்குக்கு வந்துசேரும். இப்படி வெளியாரிடம் கொடுத்துச் செய்யும் வேலைதான் ஜாப் ஒர்க். ஒவ்வொரு முறை வாசலைத் தாண்டும்போதும் ஒரு டிசி, அதாவது டெலிவரி சலான், எழுத வேண்டும்.

நான் வேலை செய்துகொடுத்த கம்பெனியில் டிசி புத்தகங்களும் ஒரு எக்செல் கோப்பும்தான் இருந்தன. பார்ட்டிக்கு, அதாவது வேலை எடுத்துச் செய்பவருக்கு, ஒரு ஷீட். அனுப்பியது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம், கடைசியில் இருப்பு. யாராவது கடைசி வரிக்குக் கீழே ஒரு வரியைச் செருகினால் ஃபார்முலா சில நேரம் அந்த வரியைச் சேர்க்காமல் விட்டுவிடும். அதனால் மேலாளர் எக்செலைத் திறக்காமல் பவர் டேபிள்காரருக்கே போன் போட்டு, "உங்ககிட்ட எத்தன பண்டல் இருக்குதுங்க?" என்று கேட்டுக்கொள்வார். இருப்புக் கணக்கை எதிர்த்தரப்பிடமே கேட்டு வாங்கும் முறை!

இதற்கு ஒரு வெப் அப்ளிகேஷன், கூடவே போனிலிருந்து பதிவு செய்ய ஒரு சின்ன வெப் சர்வீஸ். இதுதான் வேலை. பைதான் மொழியில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஜாங்கோ என்ற ஃபிரேம்ஒர்க்கில் இதை எழுதினேன்.

ஏன் ஜாங்கோ

கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஈஆர்பி மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்ட்டை முதலில் பார்த்தேன். நல்ல மென்பொருள், இந்தியாவில் பிறந்தது, ஜாப் ஒர்க்குக்கு வசதியும் உண்டு. ஆனால் இவர்களுக்குக் கணக்கு டேலியில் ஓடுகிறது, அதைத் தொடக் கூடாது என்பது முதல் நிபந்தனை. ஈஆர்பியைக் கொண்டுவந்து முக்கால்வாசியை மூடிவைப்பதற்குப் பதில் வேண்டிய கால்வாசியை எழுதிவிடலாம் என்று பட்டது. ஸ்பிரிங் பூட், லாராவெல் என்ற வேறு இரண்டு ஃபிரேம்ஒர்க்குகளிலும் இதைச் செய்யலாம்தான். எனக்கு ஜாங்கோ பிடிப்பதற்குக் காரணம் அதன் அட்மின். டேட்டாபேஸ் டேபிள்களை மாடலாக (டேபிளை விவரிக்கும் கோடாக) எழுதிவிட்டால் பதிவு செய்ய, தேட, வடிகட்ட ஒரு முழுத் திரை அன்றைக்கே கிடைத்துவிடும். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்த ஃபிரேம்ஒர்க் இது. 2005-இல் பொதுவில் வெளியிட்டார்கள். நாளைக்குள் பக்கம் தயாராக வேண்டும் என்ற அவசரத்தில் எழுதப்பட்ட குணம் இன்னும் அதில் தெரிகிறது.

பதிப்பு 5.2 எடுத்தேன். 2025 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இந்த மாதிரிக் கம்பெனிகளில் ஒரு தடவை போட்ட மென்பொருளை மாற்ற யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பதால் புதிய வசதிகளைவிட இதுதான் முக்கியம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்.

இருப்பு என்ற நெடுவரிசை இல்லை

டிசைனில் ஒரே ஒரு முடிவுதான் உண்மையில் முக்கியமானது, மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது. சரக்கு டேபிளில் 'இருப்பு' என்று ஒரு நெடுவரிசை வைக்கவில்லை. 'அசைவு' என்று ஒரு டேபிள். எங்கிருந்து, எங்கே, எந்த லாட் (ஒன்றாகப் போகும் தொகுதி), என்ன பொருள், எவ்வளவு, எந்த யூனிட், எந்த டிசி. அவ்வளவுதான். கம்பெனி குடோனும் ஓர் 'இடம்', சாயப்பட்டறையும் ஓர் 'இடம்', ஒவ்வொரு பவர் டேபிளும் ஓர் 'இடம்'. ஓர் இடத்துக்கு வந்ததன் கூட்டுத்தொகையிலிருந்து போனதைக் கழித்தால் இருப்பு. கேட்கும்போதெல்லாம் கூட்டிச் சொல்ல வேண்டியதுதான். ஒவ்வொரு தடவையும் கூட்டினால் மெதுவாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இடத்துக்கும் லாட்டுக்கும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) போட்டால், இந்த அளவு கம்பெனியின் பல வருட டிசிகளைக் கூட்ட போஸ்ட்கிரெஸுக்குக் கண் இமைக்கும் நேரம் போதும்.

அசைவை யாரும் திருத்தவோ அழிக்கவோ முடியாது. அட்மினில் அழிக்கும் அனுமதியையும், பதிவான பின் மாற்றும் அனுமதியையும் 'இல்லை' என்று திருப்பிவிட்டேன். தவறாகப் போட்டால் எதிர்ப்பதிவு போட வேண்டும். இதற்குத்தான் கம்பெனி அண்ணன் ஒருவரிடமிருந்து எதிர்ப்பு வந்தது.

"தம்பி, அம்பது பீஸ் கூட இருக்குதுன்னா அந்த நம்பர நேரா மாத்திக்க வழி இல்லீங்களா?"

"இல்லீங்கண்ணா. ஆனா 'எண்ணிக்கை வித்தியாசம்'னு ஒரு இடம் வச்சிருக்கேன். அங்கிருந்து அம்பது பீஸ் உள்ள வந்ததா போட்டுக்குங்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

ஒன்று இல்லை. மாதக் கடைசியில் அந்த 'எண்ணிக்கை வித்தியாசம்' என்ற இடத்தைத் திறந்து பார்த்தால் எந்தப் பார்ட்டியிடம் அடிக்கடி வித்தியாசம் வருகிறது என்பது வரிசையாக நிற்கும். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு அண்ணன் நேராக மாற்றும் வழியைக் கேட்பதை விட்டுவிட்டார்.

சாய இழப்பும் இதே வழியில் தீர்ந்தது. 100 கிலோ துணி போய் 96 கிலோ திரும்பினால், மீதி 4 கிலோ அந்தப் பட்டறையிடம் கிடப்பதாகவே காலம் முழுக்கக் காட்டும். அந்த லாட் முடிந்தது என்று ஒரு பொத்தான் வைத்து, அழுத்தினால் மீதியைப் 'பிராசஸ் லாஸ்' என்ற இடத்துக்கு நகர்த்தும்படி செய்தேன். எத்தனை சதவீதம் வரை கேள்வி கேட்காமல் விடலாம் என்பது ஷேடுக்கு ஷேடு மாறும். அதை நான் முடிவு செய்யவில்லை, ஷேடு டேபிளிலேயே ஒரு நெடுவரிசையாக வைத்து அவர்களிடம் விட்டேன். அளவைத் தாண்டினால் மேலாளரின் லாகினில்தான் பொத்தான் வேலை செய்யும்.

கட்டிங் மட்டும் இதில் அடங்கவில்லை. உள்ளே போவது கிலோ, வெளியே வருவது பீஸ். இடம் மாறுவது மட்டுமில்லை, பொருளே மாறுகிறது. இதற்குத் தனியாக ஒரு 'மாற்றம்' மாடல்: துணி வெளியேறும் அசைவும், பீஸ் உள்ளே வரும் அசைவும், கட்டிங் வேஸ்ட் கிலோவும் ஒரே டிரான்ஸாக்ஷனில் எழுதப்படும். மூன்றில் ஒன்று தோற்றால் மூன்றும் இல்லை. ஜாங்கோவில் இதற்கு 'அட்டாமிக்' என்று ஒரே வரி. இதன் துணை விளைவாக, ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி போகிறது என்ற கணக்கு தானாகக் கிடைத்தது. கட்டிங் மாஸ்டர் தினமும் முதலில் திறக்கும் பக்கம் இப்போது அதுதான்.

அளவு பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும், புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் ஃபார்மில் வைப்பதோடு நிறுத்தாமல் செக் கன்ஸ்ட்ரெயின்ட்டாக டேட்டாபேஸிலேயே போட்டேன். ஃபார்ம், வெப் சர்வீஸ், நேரடி ஸ்கிரிப்ட் எந்த வழியில் வந்தாலும் அங்கே தடுத்துவிடும். இணையத்தில் கிடக்கும் பழைய பாடங்களில் இதன் அளவுருவுக்கு 'செக்' என்று பெயர் இருக்கும், 5.1-இலிருந்து அது 'கண்டிஷன்'. அப்படியே ஒட்டினால் எச்சரிக்கை வரும், ஆறாம் பதிப்பில் ஓடவே ஓடாது.

டிசி நம்பர்

ஜிஎஸ்டி விதி 55-இன்படி சலான் நம்பர் வரிசையாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. 'ஜேடபிள்யூ/25-26/00123' என்ற வடிவத்தை ஆங்கில எழுத்தில் எழுதினால் 14 இடம். பொருந்துகிறது.

வரிசைதான் சிக்கல். டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் ஐடியை டிசி நம்பராக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸ் ஒரு எண்ணைக் கொடுத்த பிறகு டிரான்ஸாக்ஷன் தோற்றுப் பின்வாங்கினாலும் அந்த எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது. 122-க்கு அடுத்து 124 வரும். 123 எங்கே என்று ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வது? ஆகவே யூனிட்டுக்கும் நிதியாண்டுக்கும் ஒரு வரி வீதம் 'எண்ணி' என்று ஒரு டேபிள். டிசி சேமிக்கும் டிரான்ஸாக்ஷனுக்குள்ளேயே அந்த வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்' மூலம் பூட்டி, ஒன்று கூட்டி, அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். அதே நொடியில் இன்னொருவர் டிசி போட்டால் அவர் ஒரு கணம் காத்திருப்பார். சேமிப்பு தோற்றால் எண்ணியும் பழைய நிலைக்குத் திரும்பும், இடைவெளி விழாது. 'அட்டாமிக்'குக்கு வெளியே இந்தப் பூட்டைக் கேட்டால் ஜாங்கோ பிழை காட்டி நிறுத்திவிடும். நல்லதுதான்.

நிதியாண்டு என்றதும் நேரம் வந்துவிடுகிறது. புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது ஜாங்கோ எழுதித்தரும் செட்டிங்ஸில் நேர மண்டலம் யூடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) என்று இருக்கும். (அந்த வரியையே நீக்கிவிட்டால் சிகாகோ நேரம். லாரன்ஸ் ஊரிலும் அதே கடிகாரம்தான்.) நைட் ஷிப்டில் ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்கு ஒருவர் டிசி போட்டால் யூடிசிப்படி அது இன்னும் மார்ச் 31. டிசி போன நிதியாண்டின் கடைசி எண்ணை எடுத்துக்கொள்ளும். காலை 5.30 வரை இந்தக் கூத்து நடக்கும். மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றி, தேதி வேண்டிய எல்லா இடத்திலும் ஜாங்கோவின் 'லோக்கல்டேட்' மட்டுமே என்று வைத்துக்கொண்டேன். இதற்கு ஒரு டெஸ்ட் எழுதி வைப்பது நல்லது. வருடத்தில் ஒரு ராத்திரி மட்டும் வரும் பிழையை வேறு எப்படியும் பிடிக்க முடியாது.

பழனியும் பவானியும்

பார்ட்டி பெயர், ஊர் எல்லாம் தமிழில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தமிழை இன்றைக்கு எந்த டேட்டாபேஸும் சேமிக்கும். வரிசைப்படுத்துவதிலும் தேடுவதிலும்தான் வேலை இருக்கிறது.

கணினி எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் யூனிகோடில் எழுத்துகளின் இடம் நம் அகரவரிசைப்படி இல்லை. ல, ள, ழ, வ என்று வரிசை. நமக்கோ ல, வ, ழ, ள. வெறும் குறியெண்படி அடுக்கினால் பல்லடம், பழனி, பவானி என்று வரும். அகராதி வரிசையில் பல்லடம், பவானி, பழனி. ஜ-வில் தொடங்கும் பெயர்கள் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாங்கோவில் எழுத்து ஃபீல்டுக்கு 'டிபி கொலேஷன்' என்று, வரிசைப்படுத்தும் விதியைச் சொல்லும் ஓர் அளவுரு உண்டு (3.2-இலிருந்து). அதில் போஸ்ட்கிரெஸின் தமிழ் ஐசியு கொலேஷனைக் கொடுத்தால் அகரவரிசை சரியாக வந்துவிடும். ஒரு மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் கோப்பு), முடிந்தது.

தேடல் அவ்வளவு சுலபம் இல்லை. 'பொங்கலூர்' என்பதில் உள்ள 'ொ'வை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. எந்த விசைப்பலகை, எந்தப் பழைய கோப்பு என்பதைப் பொறுத்து இரண்டும் வரும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எழுத்தை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் இது சரியாகிவிடும். பைதானிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் 'கௌரி'யை 'கெளரி' என்று, அதாவது ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள' என்ற எழுத்துமாகத் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது, ஏனென்றால் அது முறையான வேறு எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு எல்லா 'ெள'வையும் மாற்றவும் முடியாது. 'வெள்ளகோவில்' கெட்டுப்போகும். இங்கே புள்ளி வைத்த 'ள்' வந்தால் விட்டுவிடலாம் என்று பார்த்தால் 'தெளிவு' வந்து நிற்கும். கடைசியில் தேடலுக்கு மட்டும் தனி நெடுவரிசை ஒன்றை வைத்து, அதில் ஔகாரத்தை எல்லாம் 'ெள' என்று பிரித்தே எழுதி வைத்தேன். தேடும் சொல்லையும் அப்படியே பிரித்துத் தேடுகிறது. காட்டுவது அசல் பெயர்.

அச்சிலும் இதே கதை. பிடிஎஃப் தயாரிக்கும் எல்லா நூலகமும் தமிழ் எழுத்துகளைக் கோத்துத் தருவதில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வீஸிபிரின்ட் என்ற நூலகம் எழுத்துகளைக் கோக்கும் பாங்கோவைப் பயன்படுத்துவதால் எழுத்துகள் சரியாக விழுகின்றன. டெம்ப்ளேட்டை எச்டிஎம்எல்லாகவே எழுதிவிடலாம் என்பது கூடுதல் வசதி. டிசிக்கு மூன்று பிரதிகள்: பெறுபவருக்கு, வண்டிக்காரருக்கு, அனுப்புபவருக்கு.

போனிலிருந்து வரும் பதிவு

வெப் சர்வீஸுக்கு ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்ஒர்க். பவர் டேபிள்காரர் தன்னிடம் கிடப்பதைப் பார்க்க ஒன்று, வாசலில் சூப்பர்வைசர் வரவு போட ஒன்று. அதிகம் இல்லை.

வாசலில் சிக்னல் சுமார்தான். சூப்பர்வைசர் 'சேமி' அழுத்துவார், சுற்றிக்கொண்டே இருக்கும், மறுபடி அழுத்துவார். சர்வருக்கு இரண்டும் வந்து சேரும், 40 பண்டல் 80 ஆகிவிடும். பொத்தானை மங்கலாக்கினால் போதாது. முதல் அழுத்தல் சர்வரை அடைந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அதனால் ஃபார்மைத் திறக்கும்போதே போன் ஒரு தனி அடையாள எண்ணை, யுயுஐடி, உருவாக்கிவிடும். எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் போகும். டேபிளில் அந்த நெடுவரிசை யுனிக், ஒரே எண் இரண்டு முறை நுழையாது. இரண்டாவது தடவை வந்தால் பிழை சொல்லாமல் ஏற்கெனவே சேமித்த பதிவையே திருப்பித் தரும். சூப்பர்வைசரைப் பொறுத்தவரை இரண்டாவது அழுத்தலும் வெற்றி.

எடையும் கூலியும் டெசிமல் ஃபீல்டில். தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வேண்டவே வேண்டாம். பீஸுக்கு 4 ரூபாய் 75 பைசா கூலியில் பைசா நகர்ந்தால் சனிக்கிழமை சண்டைதான். இதில் ஒரு சின்ன விஷயம். ரெஸ்ட் ஃபிரேம்ஒர்க் டெசிமலை ஜேசனில் (தரவு அனுப்பும் வடிவம்) எண்ணாக அனுப்பாது, துல்லியம் கெடாமல் இருக்க எழுத்துச் சரமாக அனுப்பும். போன் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்படியே கூட்டினால் 12.500-உம் 3.250-உம் சேர்ந்து 15.750 ஆகாது, '12.5003.250' என்று ஒட்டிக்கொள்ளும். இதை மாற்ற செட்டிங் இருக்கிறது. நான் மாற்றவில்லை. கூட்டுத்தொகைகளைச் சர்வரிலேயே கூட்டி அனுப்பிவிடுகிறேன், போன் காட்டினால் போதும்.

பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்ப்பதையும் மாடலின் வேலிடேட்டராக வைத்தேன். 15 இடங்களில் கடைசி எழுத்து சோதனை எழுத்து. முதல் 14-க்கும் 0 முதல் 35 வரை மதிப்பு கொடுத்து, மாறி மாறி 1-ஆலும் 2-ஆலும் பெருக்கி, ஒவ்வொன்றையும் 36-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டிக்கொண்டே போய், மொத்தத்தை 36-ஆல் வகுத்த மீதியை 36-இலிருந்து கழித்தால் அந்த எழுத்தின் மதிப்பு வரும். 36 வந்தால் பூஜ்யம். பத்து வரி கோடு. பழைய எக்செலை ஏற்றும்போது ஓ-வுக்குப் பதில் பூஜ்யம் அடித்திருந்த எண்களை எல்லாம் இது தடுத்து நிறுத்தியது.

ஒரு வருடக் கெடு

இந்த அப்ளிகேஷனுக்குப் பணம் கொடுக்க முதலாளி சம்மதித்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கருதி வரி வரும். ஜாப் ஒர்க்குக்குப் போய்வந்த சரக்கைத் தெரிவிக்கும் ஐடிசி-04 படிவமும் உண்டு. விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் அரையாண்டுக்கு ஒரு முறை, அதற்குள் என்றால் வருடத்துக்கு ஒரு முறை.

கெடுவைக் கணக்கிட, வந்த சரக்கு எந்த டிசியில் போனது என்று தெரிய வேண்டும். வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது, 300 பீஸ் வந்தது என்பது மட்டும்தான் தெரியும். அதனால் வரவு போடும்போது அதே லாட்டில் அந்தப் பார்ட்டியிடம் கிடக்கும் மிகப் பழைய டிசியிலிருந்து கழித்துக்கொண்டே வரும்படி சிஸ்டம் பரிந்துரைக்கும். அக்கவுண்ட்ஸ் அக்கா வேண்டுமானால் மாற்றலாம். 270 நாள் தாண்டிய டிசிகள் முதல் பக்கத்தில் சிவப்பில் வரும். முதன்முதலாக அந்தப் பக்கம் திறந்தபோது, எல்லாரும் மறந்துபோயிருந்த எம்பிராய்டரி டிசிகள் சில மேலே வந்து நின்றன. மதியத்துக்குள் வண்டி போய் எடுத்து வந்துவிட்டது.

அட்மின் போதாத இடம்

பெரும்பாலான திரைகள் அட்மினேதான். இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது. ஒன்று, டிசி பட்டியல் மெதுவாக இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பார்ட்டி பெயரை எடுக்கத் டேட்டாபேஸுக்குத் தனி க்வெரி (கேள்வி) போய்க்கொண்டிருந்தது. டீபக் டூல்பாரில் பார்த்தால் 100 வரிக்கு 101 க்வெரி. 'லிஸ்ட் செலக்ட் ரிலேட்டட்' போட்டதும் ஒன்றாகிவிட்டது. இன்னொன்று சைஸ். அட்மினின் இன்லைன் சைஸுக்கு ஒரு வரி என்று கீழே கீழே போகும். டிசி புத்தகத்திலோ எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று குறுக்கே எழுதித்தான் எல்லாருக்கும் பழக்கம். பழக்கத்தை மாற்றுவதைவிடத் திரையை மாற்றுவது சுலபம். கலர் கீழே, சைஸ் குறுக்கே என்று கட்டம் போட்ட தனிப் பக்கம் எழுதினேன். டேப் விசை புத்தகத்தில் எழுதும் வரிசையிலேயே நகரும்.

சர்வரில் ஏற்றியதில் சொல்ல ஒன்றுமில்லை: கூனிகார்ன், என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள்கள், இரவில் டேட்டாபேஸ் பேக்அப் வேறொரு இடத்துக்கு. பாதுகாப்பு செட்டிங்குகளைச் சரிபார்க்கும் ஜாங்கோவின் 'செக் டிப்ளாய்' கட்டளை சொன்னதை எல்லாம் சரிசெய்தேன். பேக்அப்பிலிருந்து ஒரு முறை மீட்டுப் பார்த்த பிறகுதான் டிசி புத்தகத்தை நிறுத்தச் சொன்னேன். அதுவரை இரண்டிலும் எழுதினார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

அடுத்து பீஸ் ரேட் கூலி. செக்கிங்கில் தேறிய பீஸுக்குத்தான் காசு, ஆல்டருக்கு (திருத்தத்துக்கு) போனது திரும்பி வந்தால் யார் கணக்கில் என்பதில் கட்டிங் மாஸ்டருக்கும் மேலாளருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும், மாடல் அப்புறம் எழுதலாம்.